பாதி இறக்கிய ஷட்டர்

ஷாப்பிங் மாலில் புது ஸ்பீக்கரின் பெட்டியைப் பிரித்ததும் எழுந்த பசை வாசனை, என்னைச் சாலைக் கடைத்தெருவில் இன்று செருப்புக் கடையாகிவிட்ட அண்ணாச்சியின் ஆடியோ கடைக்கு இழுத்துப்போனது. அன்று அண்ணாச்சி, சந்தை இரைச்சல் உள்ளே வராதிருக்க ஷட்டரைப் பாதி இறக்கி, அப்பாவையும் என்னையும் உட்காரவைத்து, நாங்கள் கொண்டுபோன கேசட்டையே போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கராக மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்.

"பஸ் போயிரும் அண்ணாச்சி, ஏதாவது ஒண்ணு தாங்க" என்றார் அப்பா.

"பாட்டு தீரட்டும். பாதியில எழும்புற ஆளுக்கு நான் விக்கமாட்டேன்."

பஸ் போனது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.

மாலின் விற்பனையாளர், ஸ்பீக்கரைச் சோதிக்கப் போட்ட பாட்டை அரை நிமிடத்தில் நிறுத்தினார். "பில் அடிக்கட்டா, சார்? பின்னால ஆள் நிக்குது."

பளபளத்த தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

"முதல்லேருந்து போடுங்க. பாட்டு தீரட்டும்."