மூன்று வீடுகளும் ஒரு பால் வண்டியும்

முதல் தடவை மலைக்குப் போகும்போது என் பையில் இருந்தவை: மழைச் சட்டை, மாற்றுக் காலுறைகள், மடிகணினி, மாட்டின் கழுத்தில் கட்டும் மாதிரிப் பட்டி ஒன்று, அம்மா பொரித்துத் தந்த மீன் ரோல்ஸ். கடைசியாகச் சொன்னது மட்டும்தான் அன்று உடனே பயன்பட்டது. பட்டியைப் பற்றி நான் விளக்கத் தொடங்கமுன்னரே அந்த வீட்டுக்காரப் பெண் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு ரோலைக் கடித்தார். உறைப்பில் கண் கலங்கியது. பிறகு இன்னொன்றை எடுத்தார்.

நான் அப்போது ஒஸ்லோவில் குறொன்லாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஐரோப்பாவின் சில மலை நாடுகள் சேர்ந்து நடத்திய திட்டம் அது. மலையில் மாடு வளர்ப்பவர்களும் பயிர் செய்பவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர்கள் அங்கேயே நிலைத்திருக்க எது உதவும் என்று ஒவ்வொரு நாடும் ஒன்றைச் செய்து பார்த்து மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் பங்கு, கண்ணுக்குத் தெரியாத வேலி. மாட்டின் கழுத்தில் பட்டி, கைத்தொலைபேசியின் வரைபடத்தில் ஒரு கோடு. மாடு கோட்டை நெருங்கினால் பட்டி ஒலி எழுப்பும். தாண்டினால் சின்னதாய் மின்சாரம் அடிக்கும். கொஞ்ச நாளில் மாடு ஒலிக்கே திரும்பப் பழகிவிடும். கோடுகளை வரைவதும் பட்டிகளைக் கவனிப்பதும் என் வேலை.

“மாடு மேய்க்கவோ உன்னை இஞ்சினியருக்குப் படிப்பிச்சனாங்கள்?” என்று அம்மா கேட்டார். அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவ மேய்க்கேல்லையப்பா, கொம்பியூட்டர் மேய்க்குது” என்றார்.

நாங்கள் தெரிவுசெய்த பள்ளத்தாக்கு ஒஸ்லோவிலிருந்து பஸ்ஸில் அரைநாள் தூரம். அங்கே மூன்று வீட்டார் சேர்ந்து மலைக்கு மேலே ஒரு சேத்தர் வைத்திருந்தார்கள். கோடை தொடங்கியதும் மாடுகளை மேலே ஓட்டிப்போய், குளிர் வரும்வரை அங்கேயே மேய்த்துப் பால் கறக்கும் இடத்துக்கு அந்தப் பெயர். மாடுகள் மேலே நின்றால்தான் கீழே வயல்களில் புல்லை வளரவிட்டு வெட்டிக் குளிர்காலத்துக்குச் சேமிக்கலாம். சேத்தர் இல்லாவிட்டால் கோடையிலேயே அந்தப் புல் முடிந்துவிடும். பிறகு மாடுகளுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

ஒரு வீட்டில் வயதான கணவனும் மனைவியும். இன்னொன்றில் ஓர் இளம் தகப்பன், மாடுகளோடு சேர்த்து மண் தோண்டும் இயந்திரமும் ஓட்டுபவர். மூன்றாவது அந்தப் பெண்ணின் வீடு. ஐம்பதை நெருங்கியவர், தனியாள், பாலைத் தவிர வேறு வரும்படி இல்லை. சேத்தர் நின்றுபோனால் முதியவர்கள் ஓய்வெடுக்கலாம், இளைஞருக்கு வேறு தொழில் இருக்கிறது. இந்தப் பெண் மாடுகளையே விடவேண்டிவரும். அதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போல.

மேய்ச்சல் நிலத்தின் ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறுபக்கம் சதுப்பு. அதனால் மாடுகளோடு எப்போதும் ஒருவர் நடக்கவேண்டும். மூன்று வீட்டாரும் முறை வைத்து நடந்தார்கள். மத்தியானம் மேய்ச்சல் நிலத்துக்குள் நுழையும் படலையடியில் முறை மாறும். முடித்தவர் நாயையும் கோப்பிப் போத்தலையும் வருபவரிடம் கொடுப்பார். கொடுத்தவுடன் போய்விடமாட்டார். அங்கே கிடந்த மரக்குற்றியில் இருவரும் இருந்து கதைப்பார்கள். எந்த மாடு நொண்டுகிறது, எந்தப் பக்கம் புல் முடிகிறது, புல் வெட்டும் இயந்திரத்தை அடுத்து யார் எடுப்பது, யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல். கூட்டம் என்று அவர்கள் தனியாக ஒன்றும் வைத்ததில்லை.

அந்த நடையைத்தான் நாங்கள் இல்லாமல் செய்ய வந்திருந்தோம். அவர்களும் அதைத்தான் கேட்டார்கள். எல்லோரையும்விட அந்தப் பெண்தான் கூட விரும்பினார். அவருக்கு முழங்கால் வருத்தம்.

பட்டிகள் நன்றாக வேலை செய்தன. அந்தக் கோடையில் ஒரு மாடுகூடப் பாறையில் விழவில்லை, சதுப்பில் புதையவில்லை. மூன்று வீட்டாரும் கைத்தொலைபேசியில் எல்லோருடைய மாடுகளையும் புள்ளிகளாகப் பார்த்துக்கொண்டார்கள். கறப்பதற்கு மட்டும் மேலே வந்தார்கள், அவரவருக்கு வசதியான நேரத்தில். இளைஞர் மிஞ்சிய நாட்களில் ஒஸ்லோக்காரரின் விடுமுறை வீடுகளுக்கு அத்திவாரம் தோண்டப் போனார். முதியவர்கள் நாயை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். நான் கடைசியாகப் போனபோது படலையடியில் மரக்குற்றியைச் சுற்றிப் புல் முழங்காலளவு நின்றது.

அந்த வருட முடிவில் எல்லா நாட்டவரும் திரையில் கூடினோம். எங்கள் முடிவுகளை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஒஸ்திரியாவைச் சேர்ந்த பெண் ஒருவர் மட்டும், இப்போது அவர்கள் எங்கே கதைக்கிறார்கள் என்று கேட்டார். தொலைபேசியில் ஒரு குழு இருக்கிறது என்றேன். அதில் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டார். நான் பார்த்தவரையில் கன்றுகளின் படங்கள் இருந்தன, அவற்றுக்குக் கீழே உயர்த்திய கட்டைவிரல்கள் இருந்தன. நேரம் போய்விட்டது என்று தலைவர் அடுத்த நாட்டுக்குப் போனார்.

அடுத்த வசந்தத்தில் டுக்னாட் வந்தது. ஒஸ்லோத் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் பொதுவேலை. ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் புருசெத்தில், எங்கள் புளொக்கிலும் ஒவ்வொரு வசந்தத்திலும் நடக்கும். இலை கூட்டுவோம், முற்றத்தில் ஆட்கள் இருக்கும் வாங்குகளுக்கு வர்ணம் அடிப்போம், பிறகு நின்றபடி சொசேஜ் சாப்பிடுவோம். அந்த முறை மூன்றாம் மாடியில் இருக்கும் அண்ணை, வழக்கமாக இடுப்பு வலியோடு ஓரமாய் நிற்பவர், எல்லா வாங்குகளையும் தனியாளாய் அடித்து முடித்தார். இரண்டு கிழமையில் அவர்கள் வீட்டை விற்றுக்கொண்டு நகரத்துக்கு வெளியே போனார்கள்.

“எனக்கு அண்டைக்கே விளங்கீட்டுது” என்றார் அம்மா. “போறது முடிவாகாட்டி அந்த மனுசன் பிரஷைத் தொட்டிருக்குமோ?”

நாங்கள் சிரித்தோம்.

மலையில் டுக்னாட் பனி உருகிய பிறகு. அந்த முறை மண் சரிந்து, சேத்தருக்கு ஏறும் ரோட்டின் ஒரு வளைவை மூடியிருந்தது. பட்டிகளைச் சரிபார்க்க நானும் போயிருந்தேன். இளைஞர் தன் தோண்டும் இயந்திரத்தோடு எல்லோருக்கும் முன்பாக வந்து நின்றார். சாப்பிடவும் இறங்கவில்லை. மண்ணை அள்ளி, கல்லை ஒதுக்கி, தண்ணீர் ஓடக் கானும் வெட்டி, கேட்காத இடங்களில்கூட ரோட்டைச் சமப்படுத்தினார். பின்னேரம் அந்தப் பெண் வாபிள் சுட்டுக் கொண்டுவந்தார். இந்த ரோட்டில் பால் வண்டி கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று முதியவர் சொன்னார். இளைஞர் கையைத் துடைத்துவிட்டு எல்லோருக்கும் கை கொடுத்தார். அங்கே டுக்னாட் முடிவில் அப்படிக் கை கொடுப்பதில்லை என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

பால் வண்டி என்று முதியவர் சொன்னது முக்கியம். பாலை எடுக்கிற நிறுவனம் விவசாயிகளே சேர்ந்து வைத்திருப்பது. அது மூன்று வீட்டின் பாலுக்குத்தான் வண்டியை மேலே அனுப்பும், இரண்டு வீட்டின் பாலுக்கு அனுப்பாது. இது மூன்று வீட்டாருக்கும் தெரியும்.

அந்தப் பெண் தொழுவத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார். கறக்கும் இயந்திரத்தின் பழுதைத் திருத்துவித்தார். மாடுகளை மேலே கொண்டுபோன அன்று காலை நான் வேலைக்குப் போகும் ரி-பான ரயிலில் இருந்தபோது அழைத்தார்.

“உன்னுடைய வரைபடம் நின்றுவிட்டது” என்றார். “அவனுடைய மாடுகள் இன்னும் கீழே, அவன் வீட்டுச் சரிவில் நிற்பதாகக் காட்டுது. என்னுடையவை சரி. அவனுடையது மட்டும் பிழை.”

பார்க்கிறேன் என்றேன். அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டியவற்றை ஒழுங்காகப் பார்த்தேன்: பட்டிகளின் மின்கலம், சமிக்ஞை, கடைசியாகச் செய்தி வந்த நேரம். எல்லாம் சரியாக இருந்தன. புள்ளிகள் அசைந்தன. இளைஞரின் வீட்டுச் சரிவைச் சுற்றிப் புதிதாக ஒரு கோடு இருந்தது, அவரே வரைந்தது. இந்தப் பட்டி இருந்தால் மலைக்குப் போகாமலே, வேலி இல்லாத அந்தச் சரிவிலேயே மேய்க்கலாம், வேலைக்கும் போய்வரலாம். அதை எங்கள் விளக்கக் கூட்டத்தில் நான்தான் ஒரு நன்மையாகச் சொல்லியிருந்தேன்.

நான் திருப்பி அழைத்து, வரைபடம் சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

மறுபக்கத்தில் ஒரு மாட்டின் மணிச்சத்தம் கேட்டது. “ஆனால் அவன் ரோட்டைத் துப்புரவாக்கினானே” என்றார்.

இளைஞரையும் அழைத்தேன், திட்டத்துக்காக. அவர் குரலில் உண்மையாகவே திகைப்பு இருந்தது. எல்லோருக்கும் தெரியும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். “ஒரு முழு நாள் அங்கே மண் அள்ளினேன்” என்றார். “என் மாடு ஏறாத ரோட்டில். அதற்கு மேல் என்ன சொல்வது?”

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர் விலகும்போது வாயால் சொல்வது, பரவாயில்லை என்று மற்றவர்களைச் சொல்லவைப்பதுபோல. உழைப்பால் சொல்வார்கள். முன்பென்றால் படலையடி மரக்குற்றியில் அந்த உழைப்புக்குப் பின்னால் இருந்ததும் எப்படியோ வெளியே வந்திருக்கும், பிள்ளையின் காய்ச்சலுக்கும் புல் இயந்திரத்துக்கும் நடுவில். அந்த வருடம் அவர்கள் ஒருவரையொருவர் அந்த ஒரு நாள்தான் பார்த்தார்கள். அந்த நாளும் எல்லோருக்கும் வேலை.

யாரும் சண்டை பிடிக்கவில்லை. பால் வண்டி நிறுத்தப்பட்டது. முதியவர்கள், இனிப் போதும் என்றார்கள்.

நான் என்ன செய்யலாம் என்று எழுதிப் பார்த்தேன். பால் நிறுவனத்திடம் ஒரு கோடைக்கு மட்டும் விலக்குக் கேட்பது: கேட்டோம், முடியாது என்றார்கள். அந்தப் பெண்ணே பாலைக் கீழே கொண்டுவருவது: வழியில் பாலைக் குளிராக வைத்திருக்க ஏற்பாடு இல்லை. மேலேயே சீஸ் செய்வது: அதற்கு அனுமதியுள்ள அறை வேண்டும், கட்டி முடிக்கக் கோடை போய்விடும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் மூன்றாவது வீடு தேடுவது: அங்கே மாடே இல்லை. திட்டத் தலைவரிடம் போனேன். அவர் கவனமாகக் கேட்டார். எங்கள் வேலை வேலியைப் பரிசோதிப்பது, வேலி பரிசோதனையில் தேறிவிட்டது என்றார். மற்ற நாட்டவரிடமும் சொன்னேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் பெண்ணின் மாடுகள் கீழே வயலில் நின்று, குளிர்காலத்துக்கான புல்லைக் கோடையில் தின்றன. இலை நிறம் மாறத் தொடங்கியபோது வெட்டுக்குக் கொண்டுபோகும் லொறி வந்தது. ஒரு மாட்டை மட்டும் இளைஞர் வாங்கினார். தன்னால் முடிந்தது அதுதான் என்று சொன்னாராம். கோப்பி குடித்துவிட்டுப் போனாராம்.

கார்த்திகையில் திட்டத்தின் நிறைவுக் கூட்டம் ஒஸ்லோவில் நடந்தது. எல்லா நாடுகளிலிருந்தும் வந்தார்கள். முந்தைய குளிர்காலத்தில், நல்ல உதாரணமாகப் பேசுவதற்கு அந்தப் பெண்ணை அழைத்திருந்தார்கள். அவரும் ஓம் என்றிருந்தார். இப்போது வரத் தேவையில்லை என்று நான் அழைத்துச் சொன்னேன். வருவதாகச் சொன்னது சொன்னதுதான் என்றார். மீன்பெட்டி ஒன்றைக் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திறங்கினார். பெட்டிக்குள் கழுத்துப் பட்டிகள், ஒரு மயிர்கூட ஒட்டாமல் கழுவப்பட்டு.

அவர் நோர்வேஜிய மொழியில் பேச, நான் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னேன். பின்னால் திரையில், முதல் வருடம் நான் எடுத்த படலையின் படம். மேலே, கூட்டுறவு என்று பெரிய எழுத்தில். அவர் நீளமாகப் பேசவில்லை. பட்டிகள் நன்றாக வேலை செய்தன என்றார். அதைச் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். இப்போது தன்னிடம் மாடு இல்லை, சேத்தர் பூட்டியிருக்கிறது என்றார். அதையும் சொன்னேன். ஒஸ்திரியப் பெண் கையை உயர்த்தி, நீங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லையா என்று கேட்டார்.

“நாங்கள் எல்லோரும் ரோட்டைத் துப்புரவாக்க வந்தோம்” என்றார் அவர். அவ்வளவுதான். போய்த் தன் இடத்தில் இருந்துவிட்டார். நான் அந்த வசனத்தை மொழிபெயர்த்தேன். வந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு விளங்கியது என்று தெரியாது. தலைவர் நன்றி சொல்லிக் கோப்பிக்கு அனுப்பினார்.

பட்டிகளைப் பொறுப்பெடுக்கும்போது ஒன்று குறைந்தது. நான் மறுபடி பார்த்தேன். அவர் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டினார்.

பஸ் நிலையம் வரைக்கும் நடந்தே கூட்டிப் போனேன், குறொன்லாண்ட் வழியாக. கடை வாசலில் அடுக்கியிருந்த முருங்கைக்காயைத் தொட்டுப் பார்த்து, மாடு தின்னுமா என்று கேட்டார். இலையைத் தின்னும் என்றேன். வழிச் சாப்பாட்டுக்கு அம்மா கொடுத்துவிட்ட ரோல்ஸ் பொதியைக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மற்றப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினார்.

வரைபடத்தில் அவருடையதாக ஒரேயொரு புள்ளி. இளைஞரின் வீட்டுச் சரிவில், ரோட்டோரமாக.

“விற்கும்போது கழற்ற மறந்துவிட்டேன்” என்றார். பிறகு, “மறக்கவில்லை” என்றார். கறக்கும் நேரம் வந்தால் அந்த மாடு கீழே ரோட்டுப் பக்கம் வந்து, அவருடைய வீடு இருக்கும் திசையில் நிற்குமாம். அவர் அதைப் பார்ப்பாராம். பிறகு தேத்தண்ணீர் போடுவாராம்.

அந்தப் பட்டி வெயிலில்தான் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். இந்த மாதங்களில் அந்தப் பள்ளத்தாக்குக்குள் சூரியன் இறங்காது. மின்கலத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று திரையின் மூலையில் சிறிதாக எழுதியிருந்தது. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

பஸ் வந்தது. அவர் ஏறி, சன்னலோரம் இருந்து, பொதியைப் பிரிக்கத் தொடங்கினார். நான் அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், பட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்தன என்று பதிந்தேன்.