ஆணியில் தொங்கிய ரொட்டி

சித்தோரா ஒன்றை நல்லது என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். இஸ்ஃபரா ஊர்க் கடைத்தெருத் தையல் கடையில் அவளும் முஹாயோவும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைப்பவர்கள். அவள் சொன்ன துணி சாயம் போனதில்லை. அவள் சொன்ன பல் டாக்டர் நல்ல பல்லைப் பிடுங்கியதில்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் ஒரு புத்தகத்தை நீட்டினாள்.

“ஹுஜந்து ஊர்க்காரி ஒருத்தி எழுதினது. புருஷன் அவள அத்துவிட்ட கதை, அவளோட சொந்தக் கதை. படிச்சிட்டு ஊசியில நூல் கோக்க முடியல எனக்கு.”

“எனக்கு எதுக்குடி அது? என் புருஷன் மாஸ்கோவுல குத்துக்கல்லாட்டம் இருக்கான்.”

“இருக்கட்டும். நீ படி. கேள்வி கேக்காத.”

புருஷன் இருக்கான் என்று சொன்ன வாய் கூசியது முஹாயோவுக்கு. அந்தப் புருஷன் ஷோதி போன குளிர்காலத்திலேயே போனில் மூன்று முறை தலாக் சொல்லி முடித்துவிட்டான். பாவி, நேரில் வந்து சொல்லக்கூடத் துப்பில்லை! அவள் அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மறுநாளே அண்ணன்மார் வண்டியோடு வந்து, அவள் சீதனமாகக் கொண்டுவந்த மெத்தைகளையும் அவளையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் மாமியார் சுல்ஹோவுக்கு யார் இருக்கிறார்கள்? கண்ணில் புரை விழுந்தவள். பிள்ளை பெறாத மருமகளை ஒரு சொல் குத்திப் பேசாதவள். தாயில்லாமல் வளர்ந்த முஹாயோவுக்கு அந்த வீட்டில் புருஷன் கிடைத்தானோ இல்லையோ, ஒரு அம்மா கிடைத்திருந்தாள்.

கூடத்து ஆணியில் ஒரு ரொட்டி தொங்கியது. ஷோதி வேலைக்குப் புறப்பட்ட அன்று ஒரு கடி கடித்துவிட்டுப் போனது. மிச்சத்தை அவனே திரும்பி வந்து தின்ன வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் சுல்ஹோ அதைத் துணியால் தூசி தட்டுவாள். முஹாயோ அந்தப் பக்கம் பார்க்காமல் வேறு வேலைக்குப் போய்விடுவாள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் கடையிலேயே புத்தகத்தைப் பிரித்தாள். விட்டுப்போன புருஷனின் சட்டையை வாரம் தவறாமல் துவைத்துக் கொடியில் போட்டேன் என்று எழுதியிருந்தாள் அந்த ஹுஜந்துக்காரி. பக்கத்து வீட்டார் பார்க்க வேண்டுமே! ‘மடிக்கும்போது அதில் அவன் வாசம் இல்லை, என் சோப்பு வாசம்தான் இருந்தது.’ அந்த இடத்தில் முஹாயோ உடைந்து போனாள். மிஷின் மேல் கவிழ்ந்து அழுதாள். சித்தோரா எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினாள்.

“அவன் உன்ன அத்துவிட்டது எனக்குத் தெரியும்டி,” என்றாள். “உன் மாமியார்கிட்டயும் படிச்சுக் காட்டு.”

தன் வாயால் சொல்ல முடியாததைப் புத்தகம் சொல்லட்டும் என்று முஹாயோவும் துணிந்தாள். முற்றத்தில் சுல்ஹோ ஆப்ரிகாட் பழங்களைப் பிளந்து கொட்டை எடுத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். சட்டைக் கதை வந்ததும் கிழவியின் கை நின்றது.

“போதும், நிறுத்து. பொய்யா சட்டை காயப்போட்டவ அவ ஒருத்திதானா? உன்னை அத்துவிடப் போறேன்னு என்கிட்டதான் முதல்ல சொன்னான் முஹாயோ. உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே.”

“அப்புறம் ஏன் அத்தை அந்த ரொட்டியத் தூசி தட்டினீங்க?”

“தட்டாம விட்டா எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நீ போயிடுவ. சுயநலம் புடிச்சவ நான்.”

முஹாயோ புத்தகத்தை மூடி வைத்தாள். சுல்ஹோவே தொடர்ந்தாள்.

“இலை உதிர்ற நேரத்துல வர்றானாம். ஒருத்தியோட. அவ வயித்துல புள்ள இருக்கு. அவளுக்கு நீ டீ ஊத்திக் குடுக்கறத இந்தப் பாதிக் கண்ணும் பாக்கக்கூடாது. அண்ணன்மாருக்குச் சொல்லி அனுப்பு.”

“உங்கள யாரு பாத்துக்குவா?”

“என் பாடு என்னோட. நீ அழாத, பழத்துல உப்பு ஏறிடும்.”

சொன்னவளே முந்திக்கொண்டு அழுதாள்.

அண்ணன்மார் வந்தார்கள். மெத்தைகள் ஏறின. மகன் கடித்த ரொட்டியை சுல்ஹோ காலையிலேயே இறக்கி, நனைத்து, குருவிகளுக்குப் போட்டிருந்தாள். ரொட்டியைக் குப்பையில் போடும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. முஹாயோ வாசலைத் தாண்டப் போகையில், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த புது ரொட்டியோடு சுல்ஹோ வந்து நின்றாள்.

“கடி.”

“அத்தை, இது திரும்பி வர்றவங்களுக்குத்தானே...”

“எனக்குத் தெரியாத வழக்கமா? கடிடி.”

கடித்தாள். சுல்ஹோ சுவரைத் தடவித் தடவி அந்த ஆணியைக் கண்டுபிடித்து மிச்சத்தை மாட்டினாள்.

“எவ வந்தாலும் இதத் தொட விடமாட்டேன்,” என்றாள்.