மூங்கில் கழியில் ஏறிய வைஃபை

என் தங்கச்சிக்குச் சன்னமான குரல். அது ஒரு குறையே இல்லை, சவுண்டு பார்க்கிற ஆளுக்குக் காது இருந்தால். எங்கள் வீட்டில் சவுண்டு பார்க்கிறவள் நான்தான். எனக்குக் காதும் உண்டு, கோபமும் உண்டு.

மார்சிலிங் வட்டாரத்தில் ஒரு மண்டபத்தில் அவள் முதன்முதலாக வாத்தியக் குழுவோடு பாடினாள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரை வைக்க மண்டபத்தின் நடுவில் இடம் கேட்டேன். அங்கே பிரமுகர்களுக்குச் சோபா போட்டாயிற்று என்று என்னை மேடைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்தால் சனங்களுக்கு என்ன கேட்கிறது என்றே தெரியாது. நல்லவேளை, என்னுடையது டிஜிட்டல் மிக்சர். கையால் திருகக் குமிழ்கூட அதில் கிடையாது. எங்கே நின்றாலும் வைஃபை வழியாக டேப்லெட்டில் விரலால் தள்ள வேண்டியதுதான். அதற்கென்றே ஒரு சின்ன ரவுட்டர் கொண்டுபோயிருந்தேன்.

விழாக் குழுவின் செயலாளர் அம்மா தங்கமான மனுஷி. ரவுட்டரின் அடியில் அச்சாகியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து, ‘இலவச வைஃபை’ என்று பலகையில் எழுதி வாசலில் வைத்துவிட்டார். மொத்த மண்டபமும் என் ரவுட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தங்கச்சி பல்லவி எடுத்த நேரத்தில் டேப்லெட் தொடர்பறுந்து சுற்றோ சுற்றென்று சுற்றியது. டிரம்ஸ் அவள் குரலை முழுங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து சாப்பிடப் போனார்கள்.

வீடு திரும்பும்போது ரயிலில் செங்காங் வரும்வரை தங்கச்சி அழுதாள். “இனிமே மேடையே வேணாம்க்கா,” என்றாள்.

லிட்டில் இந்தியாவில் ஒரு திடலில் பொங்கல் நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தபோது அரை மனதாகத்தான் சம்மதித்தாள். “இந்தத் தடவையும் என் குரல் கேட்கலைன்னா, அதோட விட்டுடறேன். நீ கெஞ்சக் கூடாது.”

கெஞ்சுகிற ஆளா நான்? கோபம் வந்தால் எனக்கு வேலை மளமளவென்று நடக்கும். நல்ல ரவுட்டர் ஒன்று வாங்கினேன். எல்லாருடைய கைப்பேசியும் முட்டிமோதும் அலைவரிசையை விட்டு, நெரிசல் குறைந்த இன்னொன்றுக்கு அதை மாற்றினேன். அதற்கு ‘பிரிண்டர்’ என்று பெயர் வைத்தேன். பிரிண்டரில் படம் பார்க்க யாரும் வரமாட்டார்கள். கூட்டம் கூடினால் மனித உடம்பே சிக்னலை மறித்துவிடும் என்பதால், வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கழியின் நுனியில் ரவுட்டரைக் கட்டி, மேடையோரம் தலைகளுக்கு மேலே தூக்கி நிறுத்தினேன்.

ஏற்பாட்டாளர் அங்கிள் ஓடி வந்தார். “என்னம்மா இது, விஐபி வர்ற நேரத்துல துணி காயப் போடறியா? போட்டோ கெட்டுடும் லா, எடுத்துடு.”

“எடுத்தா சவுண்டும் வராது அங்கிள். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். கழி நின்றது.

திடல் நிரம்பி வழிந்தது. தங்கச்சி மேடையேறும் நேரம் பார்த்து அறிவிப்பாளர், “எல்லாரும் போனை எடுத்து ஸ்கேன் பண்ணுங்க, அதிர்ஷ்டக் குலுக்கல் இருக்கு!” என்றார். கண்ணுக்கெட்டிய தூரம் கைப்பேசி வெளிச்சம். கழியின் நுனியில் ரவுட்டர் விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன்.

பாட்டு தொடங்கியது. நான் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து, கடைசி வரிசைக்கும் பின்னால், இழுத்து ஆற்றும் தே தாரிக் தேநீர்க் கடை வரை போனேன். அங்கே டிரம்ஸ்தான் கேட்டது, அவள் கேட்கவில்லை. டிரம்ஸை விரலால் கீழே இழுத்தேன். இழுத்த கணமே இறங்கியது! அவள் குரலை மெல்ல ஏற்றினேன். ஏறியது. தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார். “யாருங்க இந்தப் பொண்ணு?”

“என் தங்கச்சி!” என்று கத்தினேன்.

ஒத்திகையில் வரிக்கு வரி கண்ணாலேயே என்னைத் தேடி, கேட்கிறதா என்று கேட்பவள், அன்று ஒருமுறைகூட என்னைத் தேடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். எழுந்து நின்றவர்களின் கைதட்டல் அடங்குவதற்குள் அறிவிப்பாளர் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“உட்காருங்க,” என்றாள் கூட்டத்தைப் பார்த்து. “இன்னும் ஒண்ணு பாடறேன்.”