நிமிடத்துக்குப் பதினைந்து சொட்டு

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தோம். ஒரு நாள் காலை, ஆபீசுக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டக் குனிந்த என் கணவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை, உடம்பு சில்லென்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் எங்களைத் தாம்பரத்திலிருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்.

ஹார்ட் அட்டாக் என்றார் டாக்டர். பிரஷர் எழுபதுக்கு இறங்கியிருந்தது. இந்த நிலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வழி தாங்காது, முதலில் பிரஷரை ஏற்றியாக வேண்டும் என்று சொல்லி, குளுக்கோஸ் பாட்டிலில் டோபமின் என்ற மருந்தைக் கலக்கச் சொன்னார். அளவு குறைந்தால் பலனில்லை. கூடினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். அளந்து செலுத்தும் மிஷின் அங்கே கிடையாது. ஒரு நர்ஸைப் பக்கத்தில் நிறுத்தினார்.

அவள் முடிச்சூரில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கைக்கடிகாரத்தைக் கழற்றி, சொட்டு விழும் இடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினைந்து. குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தை இம்மி திருப்புவாள், மறுபடி எண்ணுவாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்த்து எழுதினாள். நான் ஏதோ கேட்கப் போனபோது விரலை மட்டும் உயர்த்தினாள். எண்ணி முடித்த பிறகுதான் திரும்பினாள்.

மதியம் பிரஷர் எண்பத்தெட்டு. சாப்பிடக் கூப்பிட்டும் அவள் போகவில்லை. அப்போதுதான் ஊசி ஏறிய இடத்தை உற்றுப் பார்த்தாள். சுற்றிலும் தோல் லேசாக வெளுத்திருந்தது. பக்கத்திலேயே இருந்த என் கண்ணுக்கு அது தெரியவில்லை. டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, மறு கையில் நரம்பு தேடிக் குத்தி, குழாயை மாற்றினாள். ஒரு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

“பயப்படாதீங்கக்கா. மருந்து நல்லா வேல செஞ்சிகினு கீது. எடத்ததான் மாத்துறேன்.”

மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே செத்துப்போகும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

சாயங்காலம் பிரஷர் நூறைத் தொட்டது. மறுநாள் சொட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மூன்றாம் நாள் பாட்டிலைக் கழற்றினார்கள். அதன்பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இரண்டு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பியதும், பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனோம். அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தழும்பு இல்லை. அன்றைக்கு எப்படிம்மா கவனித்தாய் என்று கேட்டேன்.

“எல்லாரும் பாட்டிலயே பாத்துகினு இருப்பாங்கக்கா. நான் கையையும் பாப்பேன்” என்றாள்.

என் கணவர் அவளைவிட இருபது வயது மூத்தவர். அவளைக் கும்பிட்டார்.