மெடலின் விளிம்பில் இருந்த எழுத்து

1934 மார்ச் 21, புதன்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். கிணற்றில் ஆறு வாளி இறைத்துக் குளித்தேன். கம்பங்கூழும் சுட்ட மிளகாயும். ஏழரைக்குத் தபாலாபீஸைத் திறந்து, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, முத்திரையில் தேதியை மாற்றி, பழைய உறை ஒன்றின்மேல் இரண்டு தடவை குத்திப் பார்த்தேன். எட்டேமுக்காலுக்கு ராசிபுரம் பஸ்ஸில் பை வந்தது. கடிதங்கள் ஒன்பது, கார்டுகள் இருபத்திரண்டு. ஒரு கார்டில் முத்திரை அழிந்திருந்ததால் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நாமக்கல்.

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. மற்ற நாட்களுக்கு இவ்வளவு போதும். அன்று மட்டும் இடம் போதாமல் ஓரத்திலும் சாய்த்து எழுதியிருக்கிறேன். காரணம், ஊருக்குப் புதிதாக வந்திருந்த சிலம்ப வாத்தியார்.

பங்குனியில் நடக்கும் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில், பொங்கல் வைக்கும் நாளன்று அம்மன் புறப்படும்போது சிலம்பக்காரர்கள் முன்னால் ஆடிப் போவார்கள். முதலில் கம்பை எடுத்து அம்மனுக்கு வணக்கம் வைப்பவர் எவரோ அவருக்கு 'முதல் கம்பு' என்று மரியாதை. பதினான்கு வருஷமாக அது ஒரு நெசவாளருடையது. வெண்ணந்தூரிலிருந்து வந்து எங்கள் ஊரில் தறி போட்டவர், ஒல்லி, பேச்சுக் குறைவு. பகலெல்லாம் தறிக்குழியில் இருப்பார், மாலையில் களத்துமேட்டில் கம்பு சொல்லிக்கொடுப்பார். அதற்கு அவர் வாங்கிக்கொண்டது வருஷத்துக்கு ஒரு தடவை அந்த முதல் கம்பு மட்டும்தான்.

புதியவர் தை மாதக் கடைசியில் மேட்டூர்ப் பக்கமிருந்து வந்தார். காக்கிக் கால்சட்டை, முறுக்கிவிட்ட மீசை, மார்பில் ரிப்பனோடு ஒரு மெடல். பெரிய யுத்தத்தில், துருக்கியரோடு சண்டை நடந்த பசுராவில் ஹவில்தாராக இருந்தவராம். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கே கம்பும் கத்தியும் சொல்லிக்கொடுத்தவராம். பிறகு அணை வேலையில் காவலுக்குத் தலைவராம். கோயில் தர்மகர்த்தா கேட்டவுடனே மயங்கிவிட்டார். அவரைத் தம் தோட்டத்தில் தங்கவைத்து மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பினார். கம்பு பழகியவர்கள் ஒவ்வொருவராக நெசவாளரை விட்டு ஹவில்தாரிடம் போனார்கள்.

ஒன்றரை மாதம் 'லெப்ட், ரைட்' நடந்தது. கம்பைத் தோளில் சாத்துவது, இறக்குவது, மறுபடியும் சாத்துவது. கேட்டால் பதில் தயாராக இருந்தது.

"ஏனுங்க ஹவில்தாரே, வீச்சு எப்பங்க சொல்லித் தருவீங்க?"

"பட்டாளத்துல மொதல்ல காலு, அப்பறந்தான் கை. நான் கம்பை வீசினா எதுத்தாப்பல நிக்கறவன் ஊடு போய்ச் சேரமாட்டான். அந்தப் பாவம் நமக்கெதுக்குங்க சாமி?"

சாயங்காலம் அவர் யுத்தக் கதை சொல்லும்போது நானும் போய் உட்கார்வேன். வீட்டுக்கு வந்ததும் குறித்துவைப்பேன். அப்படிக் குறித்ததில் ஒன்று கண்ணில் பட்டது. ஒற்றைக் கம்போடு அவர் மடக்கிய துருக்கியர்கள் மாசி முதல் வாரத்தில் நான்கு பேர். மூன்றாம் வாரத்தில் ஏழு பேர். பங்குனி பிறந்தபோது பதினொருவர். ஆனால் அன்று பட்டாளத்துக்கு வெந்த பருப்பு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு, ஒரு மூட்டையும் கால் மூட்டையும். இன்னொரு நாள் தண்ணீர் உப்புக் கரித்ததால் பருப்பு வேகாமல் போனதை அவர் சொன்னபோது கண் கலங்கியது. துருக்கியரைப் பற்றிச் சொல்லும்போது கலங்கவில்லை.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன். அதைவிட மோசமான காரியமும் செய்தேன். முந்தைய ஞாயிற்றுக்கிழமை தர்மகர்த்தா சொன்னபடி, 'இவ்வருஷம் முதல் கம்பு: பசுரா யுத்தத்தில் மெடல் பெற்ற ஹவில்தார் வாத்தியார்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சாவடிச் சுவரில் ஒட்டினேன். கையெழுத்து இல்லாத ரசீதைத் தபாலாபீஸில் நான் தொடவே மாட்டேன். இதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் நெசவாளர் வந்து ஒரு கார்டு வாங்கினார். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"சாவடியில ஒட்டியிருக்கறது உங்க எழுத்துங்களா?"

"ஆமாங்க."

"நல்ல வடிவா இருக்குதுங்க." கார்டைத் திருப்பிப் பார்த்தார். "வெண்ணந்தூர்ல அக்கா ஊட்டுக்கு ஒரு வரி எழுதோணுங்க. ஒரு தறி போட எடமிருக்குதான்னு. பண்டிகைக்கு முன்னாலயே போயிரலாம்னு பாக்கறேன்."

அந்தக் கார்டுக்கு நானே முத்திரை குத்தினேன்.

புதன்கிழமைக்கு வருகிறேன். மேட்டூரில் அணை வேலையில் இருக்கும் தம் சம்பந்திக்கும் அங்குள்ள உத்தியோகஸ்தர்களுக்கும் அழைப்பு அனுப்பத் தர்மகர்த்தா ஆசைப்பட்டார். மெடலில் ராஜா என்ன எழுதியிருக்கிறாரோ அதை இங்கிலீஷில் அப்படியே பார்த்து அழைப்பில் போடச் சொன்னார். பதினொரு மணிக்கு ஹவில்தாரே மெடலைக் கொண்டுவந்தார். ஆளில்லாத நேரம். சந்தோஷமாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

செம்பு மெடல். ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஓர் ஆள். புளி போட்டு விளக்கிய செம்புக்குடம் மாதிரிப் பளபளத்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வழக்கமாக எதையும் ஓரத்தையும் பார்ப்பவன் ஆகையால், விளிம்பைத் திருப்பினேன். பொடி எழுத்து ஓடியது. பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஒரு நம்பர், பெயர், படைப்பிரிவு, நடுவில் உத்தியோகம். இரண்டு தடவை படித்தேன்.

"என்னங்க எழுதியிருக்குது?"

பெயரை மட்டும் படித்தேன். "இது நீங்கதானுங்களே?"

"என்ற பேரேதானுங்க. பின்ன?"

"உக்காருங்க."

தபால் பைமேல் உட்கார்ந்தார். மீதியையும் படித்துத் தமிழில் சொன்னேன். உத்தியோகம்: சமையல்காரர்.

அவர் மெடலை வாங்கிக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"இது எழுத்துங்களா? ரெண்டு நாளைக்கொருக்கா புளி போட்டு வெளக்கறனுங்க. அங்க மட்டும் சொரசொரன்னு இருக்குதேன்னு அழுத்தி அழுத்தித் தேச்சேன்."

"அதனாலதானுங்க இவ்வளவு தெளிவா இருக்குது."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பிறகு அழுகையும் கொஞ்சம். பசுராவுக்குப் போனது நிஜம், இருநூறு பேருக்குச் சமைத்தது நிஜம். மேட்டூரில் கூலிக் கொட்டகைகளில் சமைத்தார். அணை வேலை முடியப்போகிறது என்று கொட்டகைகளைப் பிரித்தார்கள். வேலை போயிற்று. ராசிபுரம் சந்தையில் யாரோ மெடலைப் பார்த்து, "நீங்க ஹவில்தாருங்களா?" என்று கேட்டார்களாம். "இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேனுங்க. அதுக்குள்ள அந்தாளு எந்திரிச்சு எடம் உட்டாரு. எனக்கு யாரும் அப்படி எந்திரிச்சதே கெடையாதுங்க."

நெசவாளர் ஊரைவிட்டுப் போகப்போவதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. முகம் சுருங்கிவிட்டது.

"இன்னைக்குச் சாயங்காலம் சாவடியில கூடறாங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

"மூணாவதா ஒரு வழி இல்லீங்களா சாமி?"

"அஞ்சு மணிக்கு பஸ் இருக்குதுங்க."

ஐந்து மணிக்குத் தபால் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸடிக்குப் போனேன். இரண்டு பெண்கள் ஏறினார்கள், ஒரு கோழிக்கூடை ஏறியது. அவர் ஏறவில்லை. பஸ் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் சாவடிக்குப் போனேன்.

முப்பது பேருக்குக் குறையாது. நெசவாளர் கடைசியில், தூணை ஒட்டி, செருப்பைக் கழற்றாமல் நின்றார். ஹவில்தார் நடுவில் வந்து, மெடலைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் ஹவில்தார் இல்லீங்க. சமையக்காரன். போஸ்ட்மாஸ்டர் கண்ணாடி வெச்சு இதுல படிச்சுட்டாருங்க. கம்பும் எனக்குத் தெரியாதுங்க" என்றார். நான் எதிர்பார்த்ததைவிடச் சுருக்கமாகச் சொன்னார்.

அவரிடம் லெப்ட் ரைட் போட்டவர்களில் ஒருவர் கேட்டார்: "அப்ப அந்தப் பதினோரு துருக்கிக்காரங்க?"

"இருந்தாங்க. கைதிங்க. வரிசையா உக்காந்திருந்தாங்க. நான்தான் சோறு போட்டேன்."

"கையில கம்பு?"

"பருப்புக் கிண்டற துடுப்புங்க."

சிரிப்பு கிளம்பி அடங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. தர்மகர்த்தா மட்டும் சிரிக்கவில்லை. "என்ற தோட்டத்துல உக்காந்து ஒன்றரை மாசம் தின்னிருக்கான். இவனைக் கட்டிவெச்சு ஒதைக்கோணும்" என்றார்.

"ஒதைங்க, வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணுங்க. ஒன்றரை மாசமா உங்கூட்டுக் கொழம்பைத் தின்னுட்டு, புளி தூக்கலுன்னு ஒரு வார்த்தை சொல்லாம இருந்தேன் பாருங்க, பசுராவுலகூட நான் அப்படிக் கஷ்டப்படலைங்க."

தர்மகர்த்தாவின் தம்பியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் நெசவாளர் தூணை விட்டு வந்தார். கம்பு பழகுபவர்களைப் பார்த்துச் சொன்னார்: "ஒன்றரை மாசம் நடந்ததுல உங்களுக்கெல்லாம் காலாவது ஒழுங்கா விழுகுது. பதினாலு வருஷமா நான் கத்தியும் வராதது." பிறகு தர்மகர்த்தாவிடம், "பொங்கலுக்கு எட்டு மேச்சேரிக் கிடா வருதுங்களே, யாருங்க சமைக்கறது?"

"இவன் கையிலயா?"

"இவரு சமையக்காரருன்னு ராஜாவே எழுதிக் குடுத்திருக்காரு. போஸ்ட்மாஸ்டர் கண்ணாடி வெச்சுப் படிச்சிருக்காரு. நமக்கு வேற என்ன சாட்சி வேணும்?"

தர்மகர்த்தா என்னைப் பார்த்தார். படித்தேன் என்று தலையாட்டினேன்.

"மெடலைக் கழட்டிட்டுச் சமைக்கோணும்" என்றார் கடைசியில்.

"அதெதுக்குங்க? அது அவருதுதானே," என்றார் நெசவாளர். அதோடு கூட்டம் கலைந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் சாவடியிலேயே உட்கார்ந்து, தம்மை விட்டுப் போனவர்களோடு வெற்றிலை போட்டார். போகும்போது என்னிடம், "அக்காளுக்குப் போட்ட கார்டு போயிருச்சுங்களா?" என்று கேட்டார். திங்கட்கிழமைப் பையிலேயே போய்விட்டதைச் சொன்னேன். "அப்ப இன்னொண்ணு குடுங்க. பண்டிகைக்கு அவளை இங்க வரச் சொல்லோணும்."

மறுநாள் வியாழக்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு, தபாலாபீஸைத் திறப்பதற்கும் முன்னால், முதல் வேலையாகச் சாவடிக்குப் போய் என் பழைய எழுத்தை ஈரத்துணியால் நனைத்து உரித்தேன். புதிதாக எழுதியதில் இரண்டே வரி. முதல் கம்பு: நெசவு வாத்தியார். பந்தி: பசுரா சமையல்காரர். இந்தத் தடவை பசையைச் சமையல்காரரே காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். ஒரு கட்டிகூட இல்லை.