எஞ்சின் எண்ணில் திருநீறு

இத்தாலியில் அம்மா வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோரா, கணவர் விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் காரை பழங்காலக் கார்களின் ஞாயிறு அணிவகுப்பில் ஓட்ட ஆசைப்பட்டார். எஞ்சின் மாற்றப்படாதது என்று காட்டினால்தான் அனுமதி. பொறியியல் படித்தவள் என்று என்னை அழைத்தார்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். எஞ்சினில் பொறித்த ஆறு இலக்கங்களில் ஐந்து காரின் பதிவுப் பத்திரத்தோடு பொருந்தின. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

“தள்ளு பிள்ளை,” என்று அம்மா கைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்தார்.

“அம்மா, இது எஞ்சின். சாமி இல்லை.”

“ஓம், தெரியும். ஊர்வலம் போற வண்டிதானே.”

மூன்று விரலால் எண்ணின் மேலேயே பூசினார். பதறித் துடைத்தேன். பள்ளங்களில் தங்கிய சாம்பலில் எட்டு வெள்ளையாகத் தெரிந்தது. பத்திரத்திலும் எட்டுதான்.

சிஞ்ஞோரா அம்மாவைக் கட்டிப்பிடித்தார்.

“ஞாயிறு நானும் வாறன் எண்டு அவவுக்குச் சொல்லு,” என்றார் அம்மா என்னிடம்.