பரவாயில்லீங்க டாக்டர்

மீன் எண்ணெய் மாத்திரை மாதிரிப் பளபளவென்று, ஆனால் கொண்டைக்கடலை அளவே இருக்கும் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த அந்த மாத்திரை. முதலில் அதைச் சந்தேகப்பட்டவள் அம்மாதான். "இவருக்குப் பிரஷரே இல்லீங்களே, பிரஷர் மாத்திரை எதுக்குங்க?" என்று துடியலூர் மருந்துக் கடைக்காரரை ஒரு வழி செய்துவிட்டாள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை அது. மில்லில் பஞ்சுத் தூசியைக் குடித்தே அப்பாவின் நுரையீரல் கெட்டிருந்தது, போதாக்குறைக்குப் பீடி. நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகிவிட்டன, இந்த மாத்திரை அவற்றைத் தளர்த்தினால் மூச்சு கொஞ்சம் லேசாகலாம், பார்ப்போம் என்றார் டாக்டர். அந்தப் 'பார்ப்போம்' அம்மாவின் காதில் விழவில்லை. குணமாகிவிடும் என்றே கேட்டுக்கொண்டாள்.

மாத்திரை போட்டதும் அப்பாவின் முகம் குப்பென்று சிவக்கும். "ஏனுங்க, பொண்ணு பார்க்க வந்தன்னிக்குக்கூட இப்படிச் செவக்கலீங்களே" என்பாள் அம்மா. அப்பா சிரிப்பார்; சிரிப்பு இருமலில் போய் முடியும். சிரிக்க வைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு அவர் முதுகை நீவிவிடுவாள்.

தலைவலி வந்தது, கால் வீங்கியது, எழுந்தால் கண் இருட்டியது. மூச்சு மட்டும் லேசாகவில்லை. ஆனால் டாக்டர் கேட்டால் அப்பா சொல்வது, "பரவாயில்லீங்க டாக்டர்." எங்கள் ஊர் மரியாதை அப்படி. அவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவரிடம் உங்கள் மருந்து கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அவரும் நம்பி அளவைக் கூட்டினார். இப்போது எனக்கே அப்பாவின் வயதாகிறது. டாக்டரைக் கண்டால் என் வாயிலும் முதலில் வருவது அந்த வார்த்தைதான்.

அடுத்த முறையும் அப்பா அதையே சொன்னார். நாலு பேர் முன்னால் அவரை எதிர்த்துப் பேசியறியாத அம்மா, "பொய்யி சொல்றாருங்க. நேத்து பாத்ரூம்ல மயங்கி உழுந்துபோட்டாருங்க" என்று போட்டு உடைத்தாள். டாக்டர் பிரஷரைப் பார்த்தார்; மிகவும் இறங்கியிருந்தது. "இது எல்லாருக்கும் கேக்காதுங்கய்யா. சிலருக்கு மூச்சை இன்னும் மோசமாக்கிடும். நீங்க சொன்னாத்தானுங்களே எனக்குத் தெரியும்?" என்று மாத்திரையை நிறுத்தினார். அதற்குப் பதிலாக வேறு எதையும் அவர் எழுதவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். துணைக்குப் போயிருந்த நான் பக்கத்தில் நின்றேன். அவர் மானத்தை வாங்கிவிட்டோமே என்று அம்மா தலை நிமிரவே இல்லை. அப்பா வெகுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: "முடியலை, அம்மணி."

அவர் வாயிலிருந்து 'முடியலை' என்ற வார்த்தையை அதுவரை நான் கேட்டதில்லை. அம்மா, ஊரே பார்க்க, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியுமுங்க" என்றாள்.

எங்கள் பஸ் வந்து நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.